பணமா, மணமா?

ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர், ப்ளக் பாயின்ட் ரெண்டு. எந்த காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாலும் இந்தக் கணக்கு மாறாது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தன் சார்ஜரை உருவி இன்னொருத்தன் சொருகறதெல்லாம் சகஜம். 2024 நவம்பர் செமஸ்டர்ல நானும் அப்படி ஒண்ணை உருவினேன். யாரோடதுன்னு கூட பார்க்கலை. என் போன் நாலு பர்சென்ட்ல இருந்துச்சு, அவ்வளவுதான் மேட்டர்.

உருவினது என் ரூம்மேட்டோட பிரெய்ல் நோட்டேக்கர். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அக்கவுண்டன்சி கிளாஸ்ல நாம பேனாவோட ஓடிட்டு இருக்கும்போது, அவன் மடியில அந்தக் கருவியை வெச்சுக்கிட்டு சத்தமே இல்லாம தட்டிட்டு இருப்பான். எழுதறதுக்கு மேலே சில பட்டன்கள். கீழே ஒரே ஒரு வரி, அதுல 32 கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எட்டு குட்டி ஊசிமுனைகள். அவன் எழுதினது புள்ளிகளா எழும்பி நிக்கும், விரலால தடவிப் படிப்பான். வரி முடிஞ்சதும் ஒரு தட்டு. பழைய புள்ளிகள் அமுங்கி அடுத்த வரி எழும்பும். பார்க்கவே சும்மா மேஜிக் மாதிரி இருக்கும். விலையைக் கேட்டா மேஜிக் கலைஞ்சிடும். ஒரு புது பைக் வாங்கிடலாம், மிச்சமும் இருக்கும். இவனோடது யாரோ உபயோகிச்சு, தெரிஞ்சவர் மூலமா கைமாறி வந்த பழைய பீஸ்.

மறுநாள் காலையில ஏழு மணிக்கு எழுப்பினான். "மாப்ள, சார்ஜர் எங்கடா?"

பேட்டரி 9 பர்சென்ட். சார்ஜ் ஏறுதுன்னு காட்ட அந்த அடாப்டர்ல ஒரு குட்டி லைட் எரியும். பார்வை இல்லாதவனுக்கு லைட் போட்டுக் காட்டணும்னு யாருக்குத் தோணுச்சோ தெரியலை! ராத்திரி சொருகினான், ஏறுதான்னு செக் பண்ணினான், தூங்கிட்டான். அதுக்கப்புறம் நான் வந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

9 பர்சென்ட்னா ஒரு அரை மணி நேரமாவது ஓடும்னு நினைச்சோம். பஸ் ஸ்டாப் வர்றதுக்குள்ளே செத்துப் போச்சு. பழைய லித்தியம் பேட்டரியில இதுதான் வில்லங்கம். திரையில வர்ற பர்சென்ட், கருவி போடற ஒரு உத்தேசக் கணக்கு. பேட்டரி வயசானா அந்தக் கணக்கு தப்பும். நூறுன்னு காட்டிட்டு மளமளன்னு இறங்கும், பத்துன்னு காட்டும்போதே கையை விரிச்சிடும்.

பஸ்ல என் நோட்டை எடுத்து அவனுக்கு வாசிச்சுக் காட்டினேன். பாவம், கேட்டுக்கிட்டே வந்தான். இறங்கும்போது ஒண்ணு சொன்னான்: "தேங்க்ஸ்டா. ஆனா இது நீ புரிஞ்சுக்கிட்ட பாடம். நான் புரிஞ்சுக்கிட்டது அதுக்குள்ளே இருக்கு." செத்துக் கிடந்த பையைத் தட்டிக் காட்டினான். எனக்கு அன்னிக்கு எக்ஸாம் ஹால்ல முதல் அரை மணி நேரம் ஒண்ணும் ஓடலை.

'போன்ல ஆடியோவா கேட்டுக்கலாமே பாஸ்?'னு நீங்க கேட்கலாம். நானும் கேட்டேன். அவன் கேட்கற பாடம் பாதி ஆடியோதான். ஆனா காதுக்கு ஸ்பெல்லிங் தெரியாது. மெஷின் குரல் 'வால்', 'வாள்', 'வாழ்' மூணையும் ஒரே மாதிரி சொல்லிட்டுப் போகும். பிரெய்ல்ல ல, ள, ழ மூணுக்கும் தனித்தனிப் புள்ளிகள், விரல் ஏமாறாது. பேலன்ஸ் ஷீட்டை ஒருத்தர் வாயால சொல்லக் கேட்டுப் பாருங்க, மூணாவது வரியில தலை சுத்தும். இந்த மாதிரி கருவிகளோட முன்னோடியான 'பிரெய்ல் அண்ட் ஸ்பீக்'கை அமெரிக்காவுல டீன் பிளேஸி 1987-ல கொண்டு வந்தப்போ அதுல பிரெய்ல்ல தட்டலாம், திருப்பிக் காதால மட்டும்தான் கேட்க முடியும். பிரெய்ல் வரியோட கருவிகள் அப்புறம் வந்தப்போ அதுக்கு ஏன் அவ்வளவு வரவேற்புன்னு இப்போ எனக்குப் புரியுது.

அன்னிக்கு சாயங்காலம் பரிகாரமா ரெண்டு பேரும் உட்கார்ந்து அந்தக் கருவியோட செட்டிங்ஸை முழுசா நோண்டினோம். மெனு கருவிக்குக் கருவி மாறும், ஆனா தேட வேண்டிய சமாசாரம் ஒண்ணுதான். வைஃபை தேவையில்லாம ஆன்ல இருந்துச்சு, ப்ளூடூத்தும் அப்படியே. ரெண்டுக்கும் கல்தா. பேச்சுக் குரலை அணைச்சிட்டு வெறும் புள்ளியில படிச்சா இன்னும் கொஞ்சம் மிச்சமாகும். திரை உள்ள மாடலா இருந்தா அதோட வெளிச்சத்தையும் அணைச்சிடலாம். "எனக்கெதுக்குடா வெளிச்சம், உனக்குத்தான் வேணும்"னு சிரிச்சான். பவர் பட்டனை அமுக்கினா ஆஃப் ஆகுதுன்னு இத்தனை நாள் நினைச்சிருக்கான். உண்மையில அது தூங்குது, தூக்கத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா சார்ஜைச் சாப்பிடுது.

லேப்டாப் யூஎஸ்பியில சொருகி வெச்சா இன்னொரு கூத்து. 'சார்ஜ் ஆகுது'ன்னு கருவி சொல்லும், ஆனா வேலையும் செஞ்சுக்கிட்டே இருந்தா பர்சென்ட் நகரவே நகராது. அதனால அந்த ஒரு வார்த்தையை நம்பாம, பர்சென்ட்டைப் பார்த்து, கால் மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கறதுன்னு முடிவு பண்ணினோம். முழுசா ஏத்தி ஒரு மணி நேரம் தொடர்ந்து படிக்கச் சொல்லி கணக்கெடுத்தேன். 100-ல இருந்து 71. அப்போ மூணு, மூணரை மணி நேரம்தான் ஆயுசு. புதுசுல ஒரு நாள் முழுக்கத் தாங்கின பேட்டரியாம். மாத்தியே ஆகணும்னு அப்போதான் உறைச்சுது.

அதை விடப் பெரிய விஷயம் டயக்னாஸ்டிக்ஸ்ல மாட்டுச்சு. அந்த செமஸ்டர் முழுக்க அவனோட ட்ரயல் பேலன்ஸ் அப்பப்போ டேலி ஆகாது. ஒரு தடவை 3,000 ரூபாய் இடிச்சுது. நம்ம பரம்பரை வழக்கப்படி வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளிட்டு நிம்மதியா தூங்கினான். சோதனை மெனுவுல எல்லாக் கட்டத்திலும் எல்லாப் புள்ளியையும் எழுப்பச் சொல்லி விரலை ஓட்டினான். பதினாலாவது கட்டத்துல நின்னுட்டான். "இங்கே ஒரு பள்ளம் இருக்குடா."

இரண்டாம் புள்ளி எழும்பலை. பிரெய்ல் எழுத்துக்கு இடது பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலது பக்கம் 4, 5, 6. எண் 7-க்கு 1, 2, 4, 5. அதுல இரண்டாம் புள்ளி போனா மிச்சம் 1, 4, 5. அது 4! 7,200 ரூபாய் 4,200 ஆனது இப்படித்தான். தமிழ்லயும் அதே கதை. 'ப'வுக்கு 1, 2, 3, 4. 'ம'வுக்கு 1, 3, 4. அந்தக் கட்டத்துல வந்து விழுந்தா 'பணம்' 'மணம்' ஆயிடும், 'பாடம்' 'மாடம்' ஆயிடும். இதுல கொடுமை என்னன்னா, வரியைக் கொஞ்சம் நகர்த்தினா அதே எழுத்து வேற கட்டத்துக்குப் போய் சரியாயிடும். அதனால சந்தேகமெல்லாம் தன் மேலேயே வந்திருக்கு. "நான்தான் தப்பா படிக்கறேன்னு நினைச்சேன்"னான். நம்ம கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல ஒரு புள்ளி செத்தா கண்ணுக்குத் தெரியும். இங்கே எர்ரர் மெசேஜும் வராது, சத்தமும் வராது. தப்பான எழுத்து கம்பீரமா நிக்கும், அவ்வளவுதான்.

அந்தப் புள்ளிகளைத் தூக்கறது பீஸோ எலக்ட்ரிக் பட்டைகள். சுமார் 200 வோல்ட் கொடுத்தா லேசா வளையும், அந்த வளைவுல ஊசி எழும்பும். பயப்படாதீங்க, மின்னோட்டம் ரொம்பக் கொஞ்சம். எதிரி கரன்ட் இல்லை, நம்ம விரல்தான். வியர்வை, எண்ணெய், மெஸ் பஜ்ஜி. நாள்பட நாள்பட அழுக்கு இறங்கி ஊசி சிக்கிக்கும். கையைக் கழுவித் துடைச்சிட்டு உட்காரணும், கருவியை அணைச்சிட்டு மெத்துன்னு ஒரு துணியால துடைக்கலாம். ஊக்கை வெச்சு நோண்டறது மட்டும் வேணாம். சோதனை மெனு கண்டுபிடிக்கத் தெரியலைன்னாலும் பரவாயில்லை. ஒரு புது ஃபைல்ல ஆறு புள்ளியையும் சேர்த்து அமுக்கி, வரி முழுக்க அதையே நிரப்பி விரலை ஓட்டினா பள்ளம் மாட்டிக்கும். ஒரு நிமிஷ வேலை.

துடைச்சுப் பார்த்தோம், எழும்பலை. கட்டத்தையே மாத்தணும்னு சர்வீஸ்ல சொன்னாங்க. பேட்டரியோட சேர்த்து அவங்க சொன்ன தொகையைக் கேட்டதும் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை. பேட்டரியை மட்டும் மாத்தினோம், பாதிக் காசு என்னோடது. பதினாலாவது கட்டத்துல எண் வந்தா இப்போ வரியை நகர்த்தி ரெண்டாவது தடவை படிக்கிறான்.

எங்க ரூம்ல ஒரு ப்ளக் பாயின்ட்டுக்கு மேலே அவன் ஒரு பிரெய்ல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். என்னடா எழுதியிருக்கேன்னு கேட்டேன். "கை வெச்சா கொலை"ன்னான். எங்க மூணு பேருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ஆனா இதுவரைக்கும் யாரும் கை வைக்கலை.