டிஸ்கில் எழுத்து கலங்கினால் பிரிண்டரைத் திட்டாதீர்கள்!

ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம் நடந்ததாக வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை பெயர் கண்ணன். பெண்ணுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், பெயர் கோதை. ஸ்டூடியோக்காரர் வீடியோவை டிவிடியில் ஏற்றி, டிஸ்கின் மேலேயே பெயரையும் தேதியையும் அச்சடித்துத் தருகிறார். பெண்ணின் தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார். ‘கண்ணன்’ இருக்க வேண்டிய இடத்தில் நாலு கறுப்பு உருண்டைகள்! தேதியில் இருப்பது 3-ஆ, 8-ஆ என்பதும் தெரியவில்லை. "என்னப்பா இது, மாப்பிள்ளை பேரையே காணோம்?"

உடனே எல்லோரும் திட்டுவது பிரிண்டரைத்தான். ஸ்டூடியோக்காரர் ஹெட் கிளீனிங் கொடுப்பார். ஒரு தடவை, ரெண்டு தடவை, நாலு தடவை... மை குறையும், உள்ளே இருக்கும் வேஸ்ட் இங்க் பேட் நிறையும், எழுத்து மட்டும் தெளியாது. கடைசியில் "மெஷின் போச்சு, புதுசு வாங்கணும்" என்பார்.

பாவம், பெரும்பாலும் பிரிண்டர் மேல் தப்பே இருக்காது. தப்பு டிஸ்கின் மேற்பரப்பில் இருக்கும், இல்லையென்றால் நம் அவசரத்தில் இருக்கும்.

எப்படி என்று பார்ப்போம். பக்கத்து ஊர் சிவகாசியில் ஓடும் ஆஃப்செட் மெஷினின் மை கெட்டியானது, எண்ணெய்ப் பசையுள்ளது. இங்க்ஜெட் மை அப்படியல்ல. எப்சன் எல்800, எல்805 மாதிரி டிஸ்க் அடிக்கும் பிரிண்டர்களில் இருப்பது தண்ணீரில் சாயம் கலந்த மை. அதைப் பொடிப்பொடித் துளிகளாகத் தெளிக்கிறார்கள். விழுந்த துளி விழுந்த இடத்திலேயே உறிஞ்சப்பட வேண்டும். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியில் ஒரு சொட்டு மை விட்டுப் பாருங்கள், நாலா பக்கமும் பரவும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மடிக்கிற பட்டர் பேப்பரில் விட்டுப் பாருங்கள், உறிஞ்சாமல் முத்து மாதிரி மேலேயே நிற்கும், விரல் பட்டால் இழுவிவிடும். நல்ல ‘இங்க்ஜெட் பிரிண்டபிள்’ டிஸ்கின் வெள்ளைப் பூச்சு இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது. மையை உள்ளே இழுக்கும், பக்கத்தில் பரவ விடாது.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. வெள்ளையாக இருக்கும் டிஸ்க் எல்லாம் இங்க்ஜெட்டுக்கு ஆகாது. தெர்மல் பிரிண்டருக்கென்று வரும் டிஸ்க்கும் வெள்ளைதான். எனவே நிறத்தைப் பார்க்காமல் டப்பாவின் மேல் ‘இங்க்ஜெட் பிரிண்டபிள்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சரி, எழுத்து கலங்கிவிட்டது. எங்கிருந்து தேடுவது? ஹெட் கிளீனிங்கில் தொடங்கவே கூடாது. அதே டிசைனை முதலில் ஒரு போட்டோ பேப்பரில் அடித்துப் பாருங்கள்.

பேப்பரிலும் கலங்கலா? அப்படியென்றால் டிஸ்க் நிரபராதி. ஃபைலைப் பாருங்கள். டிஸ்கின் விட்டம் 120 மில்லிமீட்டர். 300 டிபிஐ-யில் அடிக்க குறுக்கே சுமார் 1417 பிக்சல் வேண்டும். 72 டிபிஐ-யில் செய்த படத்தில் இருப்பது வெறும் 340. அதை இழுத்துப் பெரிதாக்கினால் எந்தப் பிரிண்டரும் காப்பாற்றாது. வாட்ஸ்அப்பில் வந்த டிசைனுக்கும் இதே கதிதான். எழுத்தைப் படமாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்து அடிப்பது நல்லது. ஃபைல் சரியென்றால் நாஸில் செக், ஹெட் அலைன்மென்ட். நாஸில் செக்கில் கோடு விட்டுப் போயிருந்தால் மட்டும் ஹெட் கிளீனிங்.

பேப்பரில் பளிச், டிஸ்கில் மட்டும் கலங்கலா? அப்போது நாலு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, பிரிண்ட் செட்டிங்கில் பேப்பர் டைப் சிடி/டிவிடி என்று இருக்கிறதா? வேறு பேப்பர் என்று சொல்லி அடித்தால் மையின் அளவு டிஸ்குக்குப் பொருந்தாது. சரியாக வைத்தும் ஈரம் அதிகமென்றால் கலர் டென்சிட்டியைக் கொஞ்சம் குறைக்கலாம்.

இரண்டு, ஹை ஸ்பீடை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். ஹெட் போகும்போதும் வரும்போதும் மை தெளித்தால் இரண்டும் ஒரே இடத்தில் விழாமல் எழுத்துக்கு நிழல் தட்டும். ட்ரேயில் டிஸ்க் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்று, நடு ஓட்டையைச் சுற்றி எழுத்து வருகிறதா? பல டிஸ்குகளில் அந்த வளையத்தில் பூச்சே கிடையாது. அங்கே விழுந்த மை காயாது. பூச்சு எங்கே தொடங்குகிறதோ அதை அளந்து டிசைனில் உள்வட்டத்தை வையுங்கள்.

நான்கு, காய விடுவது. அடித்த டிஸ்கை 24 மணி நேரம் காய வைத்த பிறகே டிரைவில் போடச் சொல்கிறது எப்சன் கையேடு. நம் ஊரில் யார் கேட்கிறார்கள்? அடித்த சூட்டோடு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, கவரில் போட்டு, கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஐப்பசி அடைமழையில் கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். வெயிலில் வைத்து அவசரமாகக் காய வைப்பதும் கூடாது. நிழலில் தனித்தனியாகக் காய வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே நம் தமிழ் எழுத்து! ஆங்கிலத்தில் ஏழு பாயின்ட்டில் படிக்க முடிகிறது என்று தமிழையும் அதே அளவில் வைக்கிறார்கள். ண, ன இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சுழிதான். மை இம்மியளவு பரவினாலும் சுழி அடைபடும், புள்ளி எழுத்தோடு ஒட்டும். கண்ணன் உருண்டையானது இப்படித்தான். அதிலும் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் மை நாலு பக்கத்திலிருந்தும் எழுத்தை விழுங்கும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, பத்துப் பாயின்ட்டுக்குக் குறையாமல். அழகு கொஞ்சம் குறைந்தாலும் பெயர் இருக்கும்.

"இவ்வளவு பாடு எதற்கு, ஸ்டிக்கர் ஒட்டினால் போச்சு" என்பவர்கள் உண்டு. 2003-ல் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனத்துக்காக பிரெட் பையர்ஸ் எழுதிய சிடி, டிவிடி பராமரிப்புக் கையேடு ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள் என்கிறது. ஸ்டிக்கர் உரிந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ சுழலும் டிஸ்குக்கு ஆபத்து. ஒன்றிரண்டு டிஸ்க் என்றால் கரைப்பான் இல்லாத மார்க்கரில் கையால் எழுதிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"இந்தக் காலத்தில் யார் டிஸ்க் பார்க்கிறார்கள்?" என்றும் கேட்கலாம். நியாயம்தான். பதிவு செய்யும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனியே 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. ஆனால் பீரோவில் இருக்கும் பழைய டிஸ்க் எங்கும் போய்விடவில்லை. அவற்றை ஹார்ட் டிஸ்குக்கு மாற்ற உட்காரும் நாளில், எது அக்கா கல்யாணம், எது தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் என்று சொல்லப்போவது மேலே இருக்கும் அந்த நாலு எழுத்துதான். அது கலங்கியிருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்குள் டிவிடி பிளேயரும் போயிருக்கும்!

காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், முதல் ஒரு டிஸ்க் டெஸ்டுக்குப் போவது நார்மல் லாஸ். பார்க்காமல் ஐம்பதையும் அடித்து ஐம்பதையும் குப்பையில் போடுவது அப்நார்மல் லாஸ், நேராக லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். புது பிரிண்டர் வாங்கும் முன் ஒரு டிஸ்க் அடித்து, ஒரு நாள் காய வைத்து, விரலால் தொட்டுப் பாருங்கள். ஸ்டூடியோக்காரருக்குக் காசு மிச்சம், கண்ணனுக்குப் பெயர் மிச்சம் :-)