கோப்பு யாருக்குச் சொந்தம்?

கடந்த ஆண்டு இறுதியில், உத்தரப் பிரதேசத்தின் தொழில் நகரமொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தோழர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்கான கணக்கீட்டுப் படிவம் இருந்தது. 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் தமது பெயரோ பெற்றோர், உறவினர் பெயரோ இருந்த விவரத்தை அது கேட்டது. 2003இல் அவருக்கு 15 வயது. பெற்றோர் யாரென்று அவருக்குத் தெரியாது. 1993இல் சிறார் நல வாரியத்தின் ஆணைப்படி வட இந்திய நகரமொன்றின் இல்லத்தில் சேர்க்கப்பட்டு, 18 வயது நிறைந்ததும் வெளியே அனுப்பப்பட்டவர். "என்னை வளர்த்தது அரசாங்கம்தானே தோழர், அப்பா பெயருக்கு நேராக அரசாங்கத்தின் பெயரை எழுதலாமா?" என்று இந்தியில் கேட்டார். வேடிக்கையாகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் வந்தது படிவத்திற்காக மட்டுமன்று. மடித்து வைத்திருந்த ஒரு நகலையும் எடுத்து நீட்டினார். தொழிற்சங்கத் தோழர்களின் உதவியோடு ஈராண்டுகளுக்கு முன்பே அவர் 10 ரூபாய் கட்டணம் செலுத்தித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தமது கோப்பைக் கேட்டிருந்தார். குழந்தைகள் தொடர்பான ஆவணங்கள் இரகசியமானவை என்று முதலில் ஒற்றை வரியில் மறுத்தார்கள். மேல்முறையீடு செய்தார். அவர் வளர்ந்த இல்லம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பதிவேடுகள் மூட்டையாக மாவட்ட அலுவலகமொன்றுக்கு வந்து சேர்ந்திருந்தன. அம்மூட்டையிலிருந்து கிடைத்தது சேர்க்கைப் பதிவேட்டின் ஒரே ஒரு பக்கம். அதில் அவருக்கு உரியது ஒரு வரி.

அந்த வரியில் இல்லம் இட்ட பெயர் இருந்தது. வயது, மதிப்பீட்டின்படி 5. பிறந்த நாள், 1 ஜனவரி 1988. கண்டெடுத்த இடம், ரயில் நிலைய நடைமேடை. மொழி, 'மதராசி'. ஊர் என்னும் கட்டத்தில் தேவநாகரி எழுத்தில் 'அப்பத்தா'. அப்படியொரு ஊர் தெற்கே எங்கே இருக்கிறது என்று கேட்கவே அவர் தமிழ் தெரிந்த என்னிடம் அனுப்பப்பட்டிருந்தார்.

அப்படி ஓர் ஊர் இல்லை. நடைமேடையில் அழுத குழந்தையிடம் யாரோ இந்தியில் ஊர் எதுவென்று கேட்டிருக்கிறார்கள். குழந்தை தன் தந்தையைப் பெற்ற பாட்டியை அழைத்திருக்கிறது. எழுத்தர் கேட்டதைக் கேட்டபடி எழுதி வைத்தார். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களில் அச்சொல் இன்றும் வீடுதோறும் புழங்குகிறது. சென்னையில் வளரும் குழந்தை பாட்டியை அவ்வாறு அழைப்பது அரிது. இதை அவரிடம் சொன்னபோது அவர் அச்சொல்லை இரண்டு மூன்று முறை தாமே சொல்லிப் பார்த்தார். 32 ஆண்டுகளாகத் தமிழ் பேசாத நாவு அது.

ஒரு சொல்லை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் ஒரு நாடு முழுவதுமாக இருந்த தேடல் சில மாவட்டங்களாகச் சுருங்கியது. பிழையாக எழுதப்பட்ட அந்தக் கட்டம் பிழையோடு அப்படியே பாதுகாக்கப்பட்டதால் மட்டுமே இது நேர்ந்தது. பொறுப்பான அதிகாரி ஒருவர், நல்லெண்ணத்தோடே, "தென் மாநிலத்தைச் சேர்ந்தவர், ஊர் விவரம் உறுதியாகவில்லை" என்று சாரம் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சொல் போயிருக்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, சாரத்தை வாங்கிக்கொண்டு மூலத்தை விட்டுவிடுவதில் என்ன இழக்கப்படுகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் சட்டமோ சாரத்தையே தருகிறது. அதையும் விருப்பப்பட்டால் மட்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 99ஆவது பிரிவில், குழந்தை குறித்த அறிக்கைகள் அனைத்தையும் இரகசியம் என்கிறது. நலக் குழு பொருத்தமெனக் கருதினால் அவற்றின் சாரத்தைக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தெரிவிக்கலாம். அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு வழக்கு ஆவணங்கள் மறுக்கப்படலாகாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. ஆக, உரிமையை உரிமையின் மொழியில் எழுதத் தெரியாமல் போய்விடவில்லை. இல்லத்தில் வளர்ந்தவருக்கு அவ்வாறு எழுதவில்லை, அவ்வளவே.

இதைவிடக் கவலை தருவது 3ஆவது பிரிவு. 'புதிய தொடக்கம்' என்னும் கோட்பாட்டின்கீழ், இளைஞர் நீதி அமைப்புக்குள் வந்த எந்தக் குழந்தையின் கடந்தகாலப் பதிவுகளும், சிறப்புச் சூழல்கள் நீங்கலாக, அழிக்கப்பட வேண்டும் என்கிறது அது. சட்டத்துடன் முரண்பட்ட சிறாருக்கு இது பெரும் பாதுகாப்பு. பதின்பருவத்தில் செய்த தவறு வாழ்நாள் முழுவதும் துரத்தக்கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. தண்டனைப் பதிவுகளை மேல்முறையீட்டுக் காலமோ 7 ஆண்டுகளோ கடந்தபின் அழிக்கச் சொல்லும் மாதிரி விதியும் சரியானதே. ஆனால் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்ன தவறு செய்தது? அதன் பதிவு களங்கம் அன்று. அதன் பிறப்பு, ஊர், மொழி, உடன்பிறந்தோர் பற்றி உலகில் எஞ்சியிருக்கும் ஒரே சான்று அது. 'எந்தக் குழந்தையும்' என்ற சொற்றொடருக்குள் இருவரையும் ஒன்றாய்க் கட்டியவர்கள் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரகசியம் யாரிடமிருந்து யாரைக் காப்பதற்கு என்னும் கேள்வி பிற நாடுகளிலும் எழுந்திருக்கிறது. இங்கிலாந்தில் தாயை இழந்து, 1960 முதல் வயது நிறையும் வரை லிவர்பூல் நகராட்சியின் பராமரிப்பில் வளர்ந்த கிரஹாம் காஸ்கின், தாம் முறைகேடாக நடத்தப்பட்டதாகக் கூறி வழக்குத் தொடுப்பதற்காகத் தமது கோப்பைக் கேட்டார். அதில் 46 பேர் அளித்த 352 ஆவணங்கள் இருந்தன. மருத்துவர், ஆசிரியர், காவலர், வளர்ப்புப் பெற்றோர் முதலியோர் இரகசியம் என்ற நம்பிக்கையில் எழுதியவை அவை என்று மறுத்தார்கள். எழுதியவர்களிடம் சம்மதம் பெற்றபின் கைக்கு வந்தவை 65 ஆவணங்களே. 1989 ஜூலை 7 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவர் தம் குழந்தைப் பருவத்தை அறிந்துகொள்வது அவரது தனிவாழ்வு உரிமையின் பகுதி என்றும், சம்மதம் கிடைக்காதபோது முடிவெடுக்கச் சுதந்திரமான அமைப்பு ஒன்று இருந்திருக்க வேண்டும் என்றும் அது கூறியது. தனிவாழ்வுரிமை கோப்பைத் திறக்கும் சாவியாயிற்று. இங்கு அதே உரிமை பூட்டாகப் பயன்படுகிறது.

நம் நாட்டிலும் தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு ஒழுங்குமுறைகளில் 'வேர் தேடல்' என்றொரு வழி உண்டு. 18 வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். பெற்ற தாயின் தனிமையைக் காக்கும் வரம்புகளும் அதில் உண்டு, இருக்கவும் வேண்டும். தத்துக் கொடுக்கப்படாமல் இல்லத்திலேயே வளர்ந்தவருக்கு இதற்கு இணையான நடைமுறையைச் சட்டத்திலோ மாதிரி விதிகளிலோ என்னால் காண இயலவில்லை. பெரும்பான்மையினர் இவர்களே. ஒன்றிய அரசு நடத்தி 2018இல் வெளியான கணக்கெடுப்பு 9,589 இல்லங்களையும் அவற்றில் ஏறத்தாழ 3.7 லட்சம் குழந்தைகளையும் கண்டது. அனைவரும் அநாதைகள் அல்லர். சட்டம் 'கைவிடப்பட்ட', 'ஒப்படைக்கப்பட்ட' என்று வகைப்படுத்துகிறது. இச்சொற்களைத் தமிழாக்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் உறுத்தல் எழும். செங்கல் சூளைக்கும் கட்டுமானத்திற்கும் பெயர்ந்து சென்ற தாயிடமிருந்து வறுமை பிடுங்கிக்கொண்ட குழந்தையை, கைவிடப்பட்ட குழந்தை என்று எழுதுவது யாரைக் குற்றவாளி ஆக்குகிறது?

அவ்வில்லங்களில் பெரும்பாலானவற்றை நடத்துபவை அறக்கட்டளைகளும் தொண்டு நிறுவனங்களுமே. அரசு தன் பொறுப்பைக் கைமாற்றியபோது நினைவையும் சேர்த்தே கைமாற்றியது. மாமல்லபுரத்து இல்லங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தியிலிருந்து 2007இல் தொடங்கிய வழக்கில், 2017 மே மாதம் உச்சநீதிமன்றம் எல்லா இல்லங்களையும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்யுமாறும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதுமாறும் ஆணையிட்டது. அதற்கு முன் வளர்ந்தவர்களின் தாள்கள் எங்கே? இல்லம் மூடப்படும்போது குழந்தைகளை வேறிடம் மாற்றுகிறார்கள். அலமாரியை யாரும் கேட்பதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் குறுகி வருகிறது. தனியார் அமைப்பிடமிருந்து ஓர் அரசு அலுவலகம் வேறொரு சட்டத்தின்கீழ்ப் பெறக்கூடிய தகவலும் அச்சட்டத்தில் 'தகவலே'. ஆகவே இல்லத்தைக் கண்காணிக்கும் மாவட்ட அலுவலகத்திடம் மனுச் செய்யும் வழியைத் தோழர்கள் மறந்துவிட வேண்டாம். ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 8(1)(j) பிரிவிலிருந்த நிபந்தனைகளை நீக்கி, 'தனிநபர் தகவல்' என்ற ஒற்றைக் காரணத்தையே மறுப்புக்குப் போதுமானதாக்கிவிட்டது. ஒருவரின் கோப்பில் தாய், சகோதரி, அண்டை வீட்டார் எல்லோரும் இருப்பார்கள். மறுக்க விரும்பும் அதிகாரிக்கு இனிக் காரணம் தேட வேண்டியதில்லை. அந்தப் புதிய சட்டம் தரவுக்கு உரியவருக்குத் தருவதும் சுருக்கம்தான். காகிதப் பதிவேடு அதன் எல்லைக்குள் வருவதே இல்லை.

நமது வெகுஜன அமைப்புகள் இதை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இல்லத்தில் வளர்ந்த ஒவ்வொருவருக்கும் 18 வயதில் தமது முழுக் கோப்பின் நகலைப் பெறும் உரிமை வேண்டும். பிறருக்கு உண்மையான தீங்கு நேரும் இடங்களை மட்டும், காரணத்தை எழுதி, மறைக்கலாம். பராமரிப்புப் பதிவுகள் 'புதிய தொடக்க' அழிப்பிலிருந்து விலக்கப்பட வேண்டும். மூடப்படும் இல்லங்களின் பதிவேடுகளை மாநில ஆவணக் காப்பகம் ஏற்க வேண்டும். குழந்தைகள் நலத்தில் ஊழியம் செய்யும் நம் தோழர்கள், சட்டம் வரும்வரை காத்திராமல், பழைய பதிவேடுகளை எடைக்குப் போடவிடாமல் தடுக்கலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ரயில்வே காவல்துறையின் நாட்குறிப்பு, பழைய வாரியத்தின் ஆணை ஆகியவற்றையும் தேடலாம். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் கிடைக்கக்கூடும்.

தோழருக்குத் தேர்தல் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர் என்பதால் தம்முடைய ஆவணத்தோடு தாய் அல்லது தந்தையின் ஆவணத்தையும் கேட்டார்கள். சேர்க்கைப் பதிவேட்டின் நகலைக் கொடுத்தார். ஏற்கத்தக்க ஆவணங்களின் பட்டியலில் அது இல்லை என்று திருப்பித் தந்தார்கள். அதே பதிவேட்டின் மற்றப் பக்கங்களையும், 1993ஆம் ஆண்டு வாரிய ஆணையையும் கேட்டு இரண்டாவது மனுவைச் சென்ற வாரம் நாங்கள் எழுதினோம். ஊர் என்னும் இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள் என்றார்.