வீட்டிற்கும் ஒரு நலச்சான்று

நுழையும்முன்

வீடு வாங்குவோர் நிலத்தின் வில்லங்கத்தை ஆராய்கின்றனர். வீட்டின் ஆற்றல் செலவை ஆராய்வதில்லை. விற்பனைக்கு முன் ஆற்றல் தணிக்கை தேவை என்னும் கருத்தை இப்பாடம் விளக்குகிறது.

சாரலில் மறையும் வெப்பம்

தென்காசியை அடுத்த இலத்தூரில், ஆனி ஆடி மாதங்களில் மலைச்சாரலின் குளிர்ச்சி பரவியிருக்கும். அப்போது எந்த வீடும் இதமாகவே தோன்றும். அந்நாளில் வீட்டைப் பார்த்து விலைபேசுபவர், பங்குனி சித்திரையில் அதன் மேல்தளம் எவ்வாறு அனல் கக்கும் என்பதை அறிய வழியில்லை. பத்திரம் பதிவான பின்னர், மின்கட்டணமே அதனை அவருக்கு உணர்த்துகிறது.

நாட்டு ஓடும் தடித்த சுவரும் முற்றமும் கொண்ட பழைய வீடுகள் வெயிலைத் தாமே தாங்கின. இன்றைய கற்காரை வீடுகள் பலவற்றில் அப்பணியை மின்விசிறியும் குளிரூட்டியும் செய்கின்றன. கட்டியவர் விற்றுவிட்டு விலகுகிறார். கட்டணத்தைச் செலுத்துபவரோ குடியிருப்பவர்.

சான்றுகளில் ஒரு வெற்றிடம்

வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் ஆகியவற்றைத் தேடிப் பெறுகின்றனர். குளிர்பதனப் பெட்டி வாங்கும்போதும் நட்சத்திரக் குறியீட்டைப் பார்க்கின்றனர். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டிற்கு அத்தகைய குறியீடு எதனையும் அவர்கள் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் இரு மாத மின்நுகர்வு 500 அலகைக் கடந்தால் கட்டண விகிதமும் உயர்கிறது. வெப்பத்தைத் தேக்கும் வீடு, நடுத்தரக் குடும்பத்தை அவ்வெல்லைக்குத் தள்ளிவிடக்கூடும்.

பிறர் காட்டிய வழி

டென்மார்க் 1997இலேயே விற்கப்படும் வீடுகளுக்கு ஆற்றல் குறியீட்டை நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் பிறப்பித்த நெறிமுறையால், உறுப்பு நாடுகளில் ஆற்றல் சான்றிதழ் பரவியது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் 2008இல் தனக்கென ஒரு விதியை இயற்றியது. அதன்படி, அந்நகர மின்வாரியத்தின் சேவையைப் பெறும் பத்தாண்டு கடந்த வீடுகளை விற்போர், சில விலக்குகள் நீங்கலாக, தணிக்கை செய்து அதன் முடிவை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். பழுதுகளைச் சீர்செய்தே விற்க வேண்டும் என்னும் கட்டாயம் அவ்விதியில் இல்லை.

இந்தியாவில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. வீடுகளின் சுவர், கூரை, சாளரங்களுக்கான நெறிகளை 2018ஆம் ஆண்டின் ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ வகுத்தது. 2022ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், 100 கிலோவாட் இணைப்புச்சுமை கொண்ட பெரிய குடியிருப்புகளையும் தன் வரம்பிற்குள் கொணர்ந்தது. இவை பெரிதும் புதிய கட்டடங்களை நோக்கியவை. கைமாறும் சிறு வீடு கவனிப்பாரற்றே நிற்கிறது.

எதிர்வாதமும் விடையும்

மகளின் திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ அவசரமாக வீட்டை விற்பவர்மீது மற்றுமொரு செலவைச் சுமத்தலாமா என்னும் வினா நியாயமானது. எனவே சிறு வீடுகளுக்குக் கட்டண விலக்கு அளித்தல் வேண்டும். தணிக்கை தாமதமானால் பதிவு தடைபடாதிருக்கவும் வழிசெய்தல் வேண்டும். மின்கட்டணம் குடியிருப்போரின் பழக்கத்தையும் பொறுத்தது ஆதலின், கட்டண விவரம் மட்டும் போதாது. கூரை, மேற்குச் சுவர், காற்றோட்டம், மின்கம்பிகள், நீரேற்றும் மோட்டார் ஆகியவற்றையும் பயிற்சி பெற்றவர் ஆராய்தல் வேண்டும். பலதொழில்நுட்பக் கல்லூரிகளில் பயின்ற உள்ளூர் இளைஞர்களுக்கு இப்பணி வேலைவாய்ப்பாகவும் அமையும்.

குறை தெரிந்தால் தீர்வும் தெரியும். மேல்தளத்தில் வெண்பூச்சு பூசுதல், தட்டோடு பதித்தல், மேற்கே மரம் வளர்த்தல் போன்றவை எளியோர்க்கும் இயலக்கூடியவை. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, அதனை வீடுதோறும் கொண்டுசேர்த்த பட்டறிவு தமிழ்நாட்டிற்கு உண்டு. அவ்வாறே உள்ளாட்சிகள் ஆற்றல் தணிக்கையையும் முன்னெடுக்கலாம். நிலத்தின் மீதுள்ள கடனை மறைத்து விற்பது குற்றம். மாதந்தோறும் தொடரும் செலவும் ஒருவகைக் கடனே. அதனை வாங்குபவருக்கு முன்னரே அறிவிப்பதுதான் அறம்.