சாயத்துக்கு லாட் நம்பர் உண்டு, சாப்ட்வேருக்கு?

பனியன் கம்பெனியில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சாப்ட்வேர் எழுதத் தெரியாது. ஆனால் சரக்குக்குக் கணக்கு வைக்கத் தெரியும். அந்த உரிமையில் இதைச் சொல்கிறேன்.

1994-இல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். உடனே எழுந்த கேள்வி, எந்தத் துணியில் எந்தச் சாயம் என்பதுதான். லாட் வாரியாக எழுதி வைத்தவர் நோட்டைப் புரட்டிப் பதில் சொல்லலாம். எழுதாதவர் துணியை வெட்டி லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

2021 டிசம்பரில் கம்ப்யூட்டர் உலகத்துக்கும் அதே கேள்வி வந்தது. 'லாக்ஃபோர்ஜே' என்ற இலவச நிரலில் பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. வெளியாள் அதன் வழியே புகுந்து கம்ப்யூட்டரையே தன் வசமாக்கலாம். திருத்திய பதிப்பு சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் தங்கள் சாப்ட்வேருக்குள் அது எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் பலருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

காரணம் எளிது. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம் என்று பனியன் உருவாவது போலத்தான் சாப்ட்வேரும். பலர் எழுதிய துண்டுகளைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள். ஒரு துண்டுக்குள் இன்னொன்று, அதற்குள் வேறொன்று. அந்தத் துண்டுகளின் பெயர், பதிப்பு எண், தந்தவர், எது எதைச் சார்ந்தது என்று எழுதிய பட்டியலுக்கு 'சாப்ட்வேர் பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்று பெயர். மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2024 அக்டோபரில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

வெளிநாட்டு பையர் பட்டனும் ஜிப்பும் எங்கே வாங்கியது என்று கேட்டால் ஓடி ஓடிச் சான்று தருகிறோம். டெய்லர்களின் சம்பளம், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் கிடக்கிற சாப்ட்வேருக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. இது சரியல்ல.

"தொழில் ரகசியம்" என்பார்கள். நாம் செய்முறையைக் கேட்கவில்லை, சேர்மானத்தைத்தான் கேட்கிறோம். "செலவாகும்" என்பார்கள். பட்டியலைத் தானாகவே எடுத்துத் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

ஒருமுறை வாங்கி பீரோவில் வைத்தாலும் பயனில்லை. தினசரி எழுதாத ஸ்டாக் நோட்டு மாதிரி ஆகிவிடும். பதிப்பு மாறும்போதெல்லாம் புதுப் பட்டியல் வர வேண்டும். அதைப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும்.

உங்கள் பிள்ளைகள் கம்பெனி நடத்துகிறார்களா? அடுத்த தடவை ஏ.எம்.சி. புதுப்பிக்கும்போது, பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பட்டியலைக் கேட்கச் சொல்லுங்கள்.