புளியங்கொட்டையே போதும்!

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல் மாணவர்)

விளையாட்டுக்கும் சூதுக்கும் இடையே எவ்வளவு தூரம்? ஒரு வில்லையின் கனம்தான் என்பேன் நான். இதைச் சொல்ல உனக்கென்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். சென்ற தீபாவளி இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததே என் தகுதி.

எங்கள் வீடு மாட்டுத்தாவணிக்கு அருகில் உள்ளது. பண்டிகைக்கு உறவினர் கூடினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். ரம்மி என்றால் ஒரு தாளும் பென்சிலும் போதும், புள்ளிகளை எழுதிக்கொள்ளலாம். மூன்று சீட்டு, போக்கர் போன்ற ஆட்டங்களில் அது நடவாது. ஒவ்வொரு சுற்றிலும் ஆடுகிறவர் நடுவே ஏதேனும் வைத்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த 'ஏதேனும்' எப்போதும் புளியங்கொட்டைதான். பங்குனியில் புளி தட்டும்போது அப்பத்தா ஒரு படி கொட்டையைத் தகர டப்பாவில் போட்டு வைத்துவிடுவார்.

சென்ற தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்த அத்தான் ஒரு பெட்டி கொண்டுவந்தார். திறந்தால் ஐந்து நிறத்தில் ஐந்நூறு வில்லைகள்! ஒவ்வொன்றும் 39 மில்லிமீட்டர் குறுக்களவு, பதினொன்றரை கிராம் எடை. கனம் கூட்டுவதற்காகப் பிளாஸ்டிக்குக்குள் இரும்புத் துண்டை வைத்துச் செய்கிறார்களாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்தே முக்கால் கிலோ! முகத்தில் 5, 25, 100 என்று எண்கள் அச்சிட்டிருந்தன. அழகாயிருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. கையில் எடுத்து உருட்டினால் கீழே வைக்க மனம் வராது.

பணம் வைத்து ஆடுவோம் என்று யாரும் சொல்லவில்லை. "அஞ்சு போட்டவன் அஞ்சு ரூவா குடுக்கணும்ல?" என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். அவ்வளவுதான். எண் எழுதியிருந்தது, ரூபாய் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சித்தப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நடுச்சாமத்தில் அவர் எழுந்தபோது ஒரு வாரக் கூலி போயிருந்தது. சித்தி ஒன்றும் பேசவில்லை, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். அந்தக் கூலியில் நானூறு ரூபாய் என் சட்டைப் பையில் இருந்தது என்பதையும் மறைக்கமாட்டேன். மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். "ஆட்டத்துல தோத்தத வாங்குனா நல்லாவா இருக்கும்? வையிடா" என்று மறுத்துவிட்டார்.

சித்தப்பா அவசரக்காரர் அல்லர். நூறு ரூபாய்த் தாளை நடுவே வை என்றால் நூறு முறை யோசிப்பவர். வில்லையை வைக்கும்போது அந்த யோசனை வரவில்லை. பணத்தைப் பணமாகக் காட்டாமல் இருப்பதே சூதாட்ட விடுதிகளில் வில்லையின் வேலை. அந்த வேலையை வீட்டுக்குள் ஏன் அழைத்துவர வேண்டும்?

சட்டமும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பதின்மூன்று சீட்டு ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் கூறியது. ஆட்டத்திலிருந்து இடத்துக்காரர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க நம் மாநிலம் 2022-இல் இயற்றிய சட்டத்தின் தடைப்பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ, இணையத்தில் திறமையா அதிர்ஷ்டமா என்று கேளாமல், பணம் உண்டா என்று மட்டுமே கேட்டது. என் கேள்வியும் அதுதான்.

வீட்டில் பந்தயம் நடத்துவோர்க்கு ஒரு வசதி உண்டு. எல்லாரும் சம எண்ணிக்கையில் தொடங்குவது, தீர்ந்தவர் எழுந்துவிடுவது, கடைசிவரை இருப்பவர் வென்றவர் என்று வைத்துக்கொண்டால் காய்க்கு விலையே தேவையில்லை. ஆறு பேருக்குத் தலைக்கு நாற்பது என்றால் 240 காய். இதற்கா ஐந்நூறு வில்லை? சட்டைப் பித்தான்களை அடுக்கலாம், ஆனால் விலை கொடுக்க வேண்டும். கேரம் காய்கள் ஒரு செட்டுக்குப் பத்தொன்பதுதான், போதா. சோழி நல்லது, உருளும். புளியங்கொட்டைக்குக் காசே இல்லை. தாயம் ஆடுகிறவர்கள் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவார்கள் அல்லவா? அப்படித் தேய்த்ததை ஐந்தாகவும், தேய்க்காததை ஒன்றாகவும் வைத்துக்கொண்டால் இருவகைக் காய் கிடைத்துவிடும். கள்ளக் காய் வந்துவிடாதா என்பீர்கள். மடியில் கட்டிவந்தால் வரும்தான். ஆகவே தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணிவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவே தேய்ப்பவரைச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்!

இது ஏழைமையின் சாக்கு என்று எண்ண வேண்டா. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் உள்ள கீழடிக்குச் சென்று, 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தைப் பார்த்து வாருங்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்தோர் சுடுமண்ணில் ஆட்டக்காய் செய்தார்கள், உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டச் சில்லாக்கினார்கள். நகரம் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஓட்டுச் சில்லு போதுமானதாக இருந்தது.

என் வகுப்பு நண்பன் ஒரு தடை எழுப்பினான். கொட்டைக்கு ஒரு ரூபாய் என்று பேசிவைத்தால் அதுவும் பணம்தானே என்றான். உண்மை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்களே, அந்த விரலில் என்ன எழுதியிருக்கிறது? விரலே பணமாகும்போது கொட்டை ஆகாதா? ஆகும். ஆனால் கொட்டையைப் பணமாக்க யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கூடத்தில் அப்பத்தா உட்கார்ந்திருக்கையில் அதைச் சொல்லும் துணிவு எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லை. அச்சிட்ட வில்லையிலோ, யாரும் சொல்லாமலே அது சொல்லப்பட்டுவிட்டது.

பொங்கலன்று அத்தானின் பெட்டி பரணுக்குப் போயிற்று, தகர டப்பா கூடத்துக்கு வந்தது. வரமாட்டேன் என்ற சித்தப்பாவை நான்தான் போய் அழைத்து வந்தேன். மூன்றாவதாகத் தோற்று எழுந்தார், பிறகு என் பின்னால் உட்கார்ந்து என் சீட்டுகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். அந்த நானூறு ரூபாய் இன்னும் என் பொருளியல் நூலுக்குள்தான் இருக்கிறது.