காந்தளின் வளைந்த சூல்தண்டு

செங்காந்தள் என்றதும் தமிழ் படித்த நமக்குப் பெண்ணின் விரல் நினைவுக்கு வருகிறது, அடுத்து, தீச்சுடர். அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலாவது இது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஆயினும் பூவை உவமைக் கிடங்காக மட்டுமே நாம் கற்பித்து வருகிறோம். ‘ஒருவகைப் பூ’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோகும் உரைகள் நம்மை இதற்குப் பழக்கிவிட்டன.

பூவைச் சற்றே உற்றுப் பார்ப்போம். அது தலைகவிழ்ந்து தொங்குகிறது. புல்லி, அல்லி எனப் பிரித்தறிய இயலாத ஆறு இதழ்கள், அலையலையான விளிம்போடு மேல்நோக்கி மடிந்திருக்கின்றன. அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக விரிந்து, நாள்பட முழுச்சிவப்பாகின்றன. விரல் என்றும் சுடர் என்றும் புலவர் கண்டது இவ்விதழ்களைத்தான். இவற்றின் கீழே ஆறு மகரந்தத்தாள்கள் சுற்றிலும் விரிந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் மகரந்தப்பை நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு தராசுக்கோல்போல் ஆடுகிறது. நடுவே மூன்றறைச் சூலகம். வியப்பு இதற்குப் பின்தான். நேராக நீள வேண்டிய சூல்தண்டு, தொடங்கும் இடத்திலேயே ஏறத்தாழச் செங்கோணத்தில் ஒருபக்கமாக வளைந்து, மூன்றாகப் பிளந்த சூல்முடியைத் தன் பூவின் மகரந்தப்பைகளிலிருந்து விலக்கிப் பிடிக்கிறது. தன் தாது தன்மேல் எளிதில் படாதிருக்க இப்படியோர் ஏற்பாடு! வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்தாக வேண்டும்.

வராவிட்டால்? திண்டுக்கல், திருப்பூர் மாவட்டத் தோட்டங்களில் மனிதர் கை அவ்வேலையைச் செய்கிறது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிராகும் செடி இதுதான். விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், கௌட் எனும் மூட்டுநோய்க்கு மருந்து. காலைவேளையில் ஒரு பூவின் தாதைத் தொட்டு மறுபூவின் சூல்முடியில் தடவிச் செல்கிறார்கள், கூலிக்கு.

அவ்வீட்டு மாணவர் நம் வகுப்பிலும் இருக்கக்கூடும். ‘காந்தள், விரலுக்கு உவமை’ என்று எழுதி மதிப்பெண் பெற்றுப் போவார். தம் வீட்டார் நாளெல்லாம் தொடும் பூவே அது என்று அவருக்கு நாம் சொல்வதில்லை. இதுவே நம் மனக்குறை. தாவரவியல் தமிழாசிரியரின் வேலையன்று என்பாருண்டு. தாமரையின் நடுவே சூலகங்கள் புதைந்திருக்கும் பகுதிக்குப் ‘பொகுட்டு’ எனத் தனிப்பெயர் வைத்திருக்கும் மொழியைக் கற்பிப்பவர் அவ்வாறு சொல்லலாகாது.

கார்த்திகையில் வேலியோரம் பூத்திருக்கும். ஒரு பூவை வகுப்புக்குக் கொண்டுசெல்லலாம். தொட்டபின் கைகழுவச் சொல்ல வேண்டும். செடி முழுதும் நஞ்சு, கிழங்கில் அது மிகுதி.