ஊசி போட்டு இறக்குங்கள்!

டீக்கடையில் உட்கார்ந்து ஹாக்கி பேசுகிறவர்களை வேலையற்றவர்கள் என்று ஏளனம் செய்யும் பெரிய மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கட்சியில் நான் இல்லை. தேர்தலில் எந்தத் தொகுதிக்கு எந்த ஆள் என்று இரண்டு மாதம் பேசினால் அது அரசியல் ஞானம். நாளைய ஆட்டத்தில் முன்வரிசைக்கு எந்தப் பையன் என்று இரண்டு மணி நேரம் பேசினால் அது வெட்டிப் பேச்சா? இது எந்த ஊர் நியாயம்? ஆகையால் நான் பேச்சுக்கு விரோதி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சின் நடுவே தவறாமல் வந்து விழும் ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் விரோதி.

"கால்ல அடின்னா என்னவே? ஒரு ஊசியப் போட்டு எறக்குங்க!"

ஓட்டப்பிடாரம் என்றால் வ. உ. சி. பிறந்த ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் மிளகாயும் போடும் மானாவாரிக் கரிசல் காட்டில் ஹாக்கிக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். பக்கத்தில் கோவில்பட்டி இருக்கிறதே, அதுதான் வேலை! தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன அந்த ஊருக்கு, ஹாக்கி மூன்றாவது பெயர். லட்சுமி அம்மாள் நினைவாக நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு வடக்கேயிருந்து குழுக்கள் வந்து இறங்கும் நாட்களில், எங்கள் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறிப் போகிற கூட்டம் உண்டு. போகாதவர்கள் கடை பெஞ்சிலேயே குழுவைத் தேர்ந்தெடுத்து, ஆட வைத்து, ஜெயிக்கவும் வைத்துவிடுவார்கள். அவர்களுடைய ஞானத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பெனால்டி கார்னரில் பந்தைத் தள்ளிக் கொடுப்பவன் யார், நிறுத்துகிறவன் யார், அடிக்கிறவன் யார், அவன் இடது பக்கம் சாய்ந்து அடிப்பானா வலது பக்கமா என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தேர்வுக்குழுவில் நாற்காலி போட்டால் சில கனவான்களைவிட நன்றாகவே உட்காருவார்கள்.

2022ஆம் வருஷம் மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. இந்தியக் குழுவில் கோவில்பட்டி மாரீஸ்வரன் பெயர் இருந்தது. கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வத்தின் பெயரும் இருந்தது. கரிசல் காடு எப்படி இருந்திருக்கும் என்று நான் வர்ணிக்கத் தேவையில்லை. போட்டி ஆரம்பிக்கும் முன்பே தலைவர் ரூபிந்தர் பால் சிங்குக்கு மணிக்கட்டில் அடி. அவரை நீக்கிவிட்டு வேறொருவரைச் சேர்த்தார்கள். தலைமை பிரேந்திர லாக்ராவுக்குப் போயிற்று. உடனே பெஞ்சு இரண்டாகப் பிளந்தது. மணிக்கட்டுத்தானே, கட்டுப்போட்டு இறக்கியிருக்கலாமே என்று ஒரு கட்சி. மணிக்கட்டு இல்லாமல் பெனால்டி கார்னரை எப்படியய்யா இழுத்து அடிப்பான் என்று மறு கட்சி. மே 23ஆம் தேதி பாகிஸ்தானோடு நடந்த முதல் ஆட்டத்தில் கார்த்தி கோல் போட்டான். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அப்புறம் ரூபிந்தரின் மணிக்கட்டை ஒருவரும் விசாரிக்கவில்லை! கடைசியில் நம் குழு மூன்றாம் இடத்தோடு திரும்பியது.

அடுத்த வருஷம் ஜனவரியில் ஒடிஸாவில் உலகக் கோப்பை. நடுக்களத்தில் ஹர்திக் சிங் ரூர்கேலாவில் ஸ்பெயினுக்கு எதிராக ஒரு கோல் போட்டு ஊரையே எழுந்து நிற்க வைத்தவர். 15ஆம் தேதி இங்கிலாந்தோடு ஆடும்போது அவருக்குத் தொடையின் பின் தசை பிடித்துக்கொண்டது. வேல்ஸோடு ஆடவில்லை. 22ஆம் தேதி நியூஸிலாந்தோடு வாழ்வா சாவா ஆட்டம். அதற்கு முந்தின நாள் அவரை நீக்கி ராஜ்குமார் பாலைச் சேர்த்தார்கள். நீக்கப்பட்டவர் அந்தப் போட்டியில் மறுபடி உள்ளே வர முடியாது. ஆகவே அது லேசான முடிவல்ல. நம்மவர்கள் 3-1 என்று முன்னால் போய், 3-3க்கு இறங்கி, பெனால்டி ஷூட் அவுட்டில் 4-5 என்று தோற்றார்கள். அந்த ஷூட் அவுட்டின் நடுவிலேயே கோல் காவலர் ஸ்ரீஜேஷுக்கும் அடிபட்டு, கிருஷன் பாடக் உள்ளே வர வேண்டியதாயிற்று.

அன்று இரவு நான் கேட்ட வசவுகளை அச்சில் ஏற்ற முடியாது. "ஹர்திக்க எறக்கியிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்பதுதான் அவற்றின் சாரம். ஜெயித்திருப்போமோ என்னவோ! ஆனால் கிழிந்துகொண்டிருந்த தசையோடு அவரை ஓட விட்டிருந்தால் எத்தனை மாதம் படுத்திருப்பார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்டாரா? அதே ஹர்திக்கும் அதே ஸ்ரீஜேஷும் 2024இல் பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்து வெண்கலப் பதக்கம் வாங்கியபோது கடையில் மிட்டாய் கொடுத்தவர்கள் இவர்களேதான்.

இந்த இடத்தில் என் வாயை அடைப்பதற்கென்றே ஒரு பெயர் வரும்: பல்பீர் சிங். மெல்போர்ன், 1956. விரல் முறிந்த கையோடு பாகிஸ்தானை எதிர்த்து ஆடித் தங்கம் வாங்கவில்லையா? வாங்கினார். ஆனால் கதையை முழுவதும் சொல்லுங்கள். ஆப்கானிஸ்தானை 14-0 என்று அடித்த முதல் ஆட்டத்தில் விரல் முறிந்தது. அப்புறம் அமெரிக்காவோடும் சிங்கப்பூரோடும் நடந்த ஆட்டங்களில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். அடிபட்ட செய்தியை வெளியே விடவுமில்லை. அவரைக் காவல் காக்க எதிரி இரண்டு ஆளை ஒதுக்குவான், அந்த லாபம் போய்விடக் கூடாது என்ற கணக்கு. அரையிறுதிக்குத்தான் இறங்கினார். இறுதி ஆட்டத்தின் ஒரே கோல் ரந்தீர் சிங் ஜென்டில் அடித்தது. அதாவது, அந்தக் குழு முதலில் செய்த காரியம் அடிபட்டவருக்கு ஓய்வு கொடுத்தது! நம் நண்பர்கள் ஊசியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு ஓய்வை மறந்துவிட்டார்கள். மேலும் அந்தக் காலத்தில், ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றும் வழியும் கிடையாது. இன்று பதினோரு பேர் ஆடும்போதே வெளியே இருப்பவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம். இன்னொன்று: பல்பீர் சிங் பஞ்சாப் போலீஸில் உத்தியோகம் பார்த்தவர். கை கோணிப்போயிருந்தாலும் மாதச் சம்பளம் கோணியிருக்காது.

நம் பையன்களுக்கு அப்படியா? கோவில்பட்டியிலும் சுற்றுப்புறத்திலும் மட்டை பிடிக்கிற பையனுக்கு ஹாக்கி என்பது ரயில்வே, ராணுவம், போலீஸ், பாங்கி இவற்றில் ஏதாவது ஒன்றின் வாசற்படி. அந்தப் படிக்கு இரண்டு முழங்காலும் வேண்டும். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், ஓர் உள்ளூர்ப் போட்டியின் அரையிறுதியில் கணுக்கால் சுளுக்கி வெளியே வந்தான். திடல் முழுவதும் அவன் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டது. மரத்துப்போகிற மருந்தை அடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போனான்; ஊன்றிய கால் நிற்கவில்லை, முழங்கால் ஜவ்வு அறுந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவன் தாயார் கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போயிற்று. மறு மாதம் ஆட்களைத் தேர்வு செய்ய அழைத்திருந்த இடத்துக்கு அவன் போகவே முடியவில்லை. இப்போது தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டுகிறான். கூச்சலிட்டவர்களில் எத்தனை பேர் அவன் வீட்டுப் படி ஏறினார்கள் என்று கேட்டேன். "ஆறு பேர் வந்தாக, அண்ணாச்சி. அதுல நாலு பேரு அடுத்த வருசம் ஆடுவியான்னு கேட்டாக" என்றான்.

இத்தனைக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடம்பின் அருமை தெரியாதென்று சொல்ல முடியாது. மாட்டுவண்டிப் பந்தயம் இந்தச் சீமையில் எவ்வளவு பெரிய சங்கதி என்பது இங்கே வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து ஓட்டுவார்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் மாட்டின் காலைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். லேசாகக் கால் தாங்கி நடந்தால் போதும், எத்தனை ஆயிரம் பரிசு என்றாலும் வண்டியில் பூட்ட மாட்டார்கள். கேட்டால் "வாயில்லாத சீவன், பாவம்" என்பார்கள். அதே மனிதர், அதே நாள் மாலையில், அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து, வாயுள்ள பிள்ளைக்கு ஊசி போடச் சொல்கிறார்! பையனுக்கு வாய் இருக்கிறது என்பதும் பேச்சுக்குத்தான். 'வலிக்கிறது, நான் ஆடவில்லை' என்று சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டிவிடுவோம் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் அவனே மறைக்கிறான். அடிபட்ட காலைவிட மறைக்கப்பட்ட கால்தான் எனக்குப் பயம்.

பல்பீர் சிங் ஆடிய அதே மெல்போர்னில், ஆஸ்திரேலியக் கால்பந்து என்று ஒரு விளையாட்டு உண்டு. நீள்வட்டப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், மோதலும் விழுதலும் தாராளம். அங்கே ஒவ்வொரு வாரமும் யார் யாருக்கு எங்கே அடி, எத்தனை வாரம் ஆட மாட்டார் என்ற பட்டியலை வெளியிட்டு விடுகிறார்கள். அந்த ஊர் ரசிகர்களும் அதை வைத்துக்கொண்டு நம்மைப் போலவே சண்டை போடுகிறார்கள். மனிதர்கள் எங்கேயும் மனிதர்கள்தானே. ஆனால் தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவர் குறைந்தது 12 நாள் ஆடக்கூடாது என்று 2021இல் விதி செய்துவிட்டார்கள். ரசிகன் எவ்வளவு கத்தினாலும் நாட்காட்டி நகராது. கத்துகிறவனைத் திருத்தும் வேலையை அவர்கள் மேற்கொள்ளவில்லை. கத்தலுக்குப் பலன் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

நம் ஊர்ப் போட்டி நோட்டீஸ்களைப் பாருங்கள். முதல் பரிசு இவ்வளவு, இரண்டாம் பரிசு இவ்வளவு, சிறந்த ஆட்டக்காரருக்கு இது, உபயம் இன்னார், இன்னார் தலைமை, இன்னார் முன்னிலை. அத்தனை பெயர்களுக்கு நடுவில், அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்று ஒரு வரி இருக்கிறதா? நான் கேட்பது இரண்டுதான். கோட்டுக்கு வெளியே ஒரு மருத்துவர், அல்லது எலும்பும் தசையும் அறிந்த ஒருவர் உட்கார வேண்டும். அவர் கூடாது என்று சொல்லிவிட்டால் பயிற்சியாளரும் காரியதரிசியும் உபயதாரரும் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது, அடிபட்டவனின் செலவுக்கென்று ஒரு தொகையை முதல் பரிசுக்கு முன்னால் ஒதுக்கி, அதை நோட்டீஸில் அச்சடிக்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்று கமிட்டிக்காரர்கள் கேட்பார்கள். ஒலிபெருக்கிக்கும் பொன்னாடைக்கும் ஆளுயர பானருக்கும் போகிற பணம் எவ்வளவு என்று அவர்களே ஒரு தடவை கூட்டிப் பார்க்கட்டும்.